லண்டன் கொல்லைப்புறத்தில் நரி: விரட்டினாலும் கொன்றாலும் ஏன் திரும்ப வருகிறது?

தை மாதக் குளிர். இரவு இரண்டு மணி. பிள்ளையை யாரோ கழுத்தை நெரிப்பதுபோல ஓர் அலறல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி அலறல். ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பம் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசிக்கும். அந்த ஊர்க்காரர்களே பயந்துபோய்க் கூப்பிட்டதுண்டு. அலறுவது செந்நரி. காலையில் பார்த்தால் குப்பைப் பை கிழிந்து, கோழி எலும்பு நடைபாதை நெடுகச் சிதறிக் கிடக்கும்.

குளிர்காலத்தில் இந்த அலறலும் வசந்தத்தில் குட்டிகளும் பிரிட்டன் பத்திரிகைகளுக்குத் தவறாத செய்தி. ஒரு பக்கம் ‘நகராட்சி ஏன் இவற்றைக் கொல்லவில்லை?’ என்ற கோபம். மறுபக்கம் ‘பாவம், வாயில்லாச் சீவன்’ என்ற இரக்கம். இரண்டு பேரும் தவறவிடுவது ஒன்றைத்தான்: ஒரு தெருவில் எத்தனை நரி என்பதைத் தீர்மானிப்பது துப்பாக்கியும் அல்ல, இரக்கமும் அல்ல. அங்கே கிடக்கும் தீனியும் ஒளிவதற்கான பொந்தும்தான்.

## முதலில், இது எந்த நரி?

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நாம் வெறுமனே நரி என்று சொல்வது, கூட்டமாக ஊளையிடுகிற, ஆங்கிலத்தில் ஜாக்கல் எனப்படும் விலங்கை. அது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய சொந்தம். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலை ஒட்டிப் பிடித்து ஓடவிட்ட வங்காநரி வேறு. சாம்பல் நிறத்தில் சிறியதாக இருக்கும். நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கையில் நடந்த அந்த வழக்கத்துக்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டுவிட்டது. செந்நரிக்குக் கிட்டின உறவு நம் ஜாக்கல் அல்ல, இந்த வங்காநரிதான். ஆங்கிலத்தில் ஃபாக்ஸ் என்றால் இந்தக் கிளை.

செந்நரி வட அரைக்கோளம் முழுக்கப் பரவியிருக்கிறது. இந்தியாவில் லடாக், இமயமலைச் சரிவுகள், ராஜஸ்தான், கட்ச் ஆகிய இடங்களில் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது உள்ளூர்ச் சிறு விலங்குகளை அழிக்கும் கேடாகிவிட்டது.

பிரிட்டனில் வளர்ந்த நரியின் எடை 5 முதல் 7 கிலோ. கொழுத்த வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அடர்ந்த ரோமமும் 40 சென்டிமீட்டர் வாலும் சேர்ந்து அதை இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டுகின்றன. ‘நாய் அளவு நரி’ என்று செய்தியில் வந்தால் பாதியைக் கழித்துப் படிக்கலாம்.

## ஓர் ஆண்டின் சுற்று

எந்த மாதத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. டிசம்பர் – பிப்ரவரி. இணை சேரும் காலம். பெண் நரி பருவத்துக்கு வருவது ஆண்டில் ஒரே முறை, அதிலும் கருத்தரிக்கும் நாட்கள் மூன்றுதான். அந்த நாட்களைத் தவறவிடாமலிருக்க ஆண் நரி நிழல்போலப் பின்தொடரும். மேலே சொன்ன அலறல் இந்தக் காலத்துக்குரியது.

2. மார்ச். சினைக்காலம் 52, 53 நாள். நான்கைந்து குட்டிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிராம். கண் திறந்திருக்காது, நிறம் சாக்லேட் பழுப்பு. முதல் இரண்டு வாரம் குட்டிகளால் தம் உடம்புச் சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. தாய் வளையை விட்டு நகராது. ஆண் நரி இரை கொண்டுவந்து போட்டாக வேண்டும்.

3. ஏப்ரல் கடைசி – ஜூன். குட்டிகள் வெளியே வந்து விளையாடும். வாசலில் விட்ட செருப்பு, தோட்டத்துக் கையுறை, பிள்ளைகளின் பந்து காணாமல்போகும் பருவம். பகலிலும் நரி நடமாடும். குட்டிக்கு இரை தேடும் தாய்க்கு இரவு போதாது. பகலில் கண்டதாலேயே அதற்கு வெறிநோய் என்று முடிவுகட்டக் கூடாது.

4. செப்டம்பர் முதல் குளிர்காலம் வரை. வளர்ந்த குட்டிகள் இடம் தேடிப் பிரியும். தெரியாத சாலைகளைக் கடக்கும், கார்களில் அடிபடும். நகரத்து நரி ஒன்று இரண்டு வயதைத் தாண்டுவதே அரிது. கூண்டில் வளர்வது பத்து வயதுக்கு மேலும் வாழும்.

## ஊருக்குள் எப்படி வந்தது?

காட்டை அழித்ததால் நரி ஊருக்குள் வந்துவிட்டது என்று சொல்வது சுலபம். பிரிட்டனில் நடந்தது அது அல்ல. இரு உலகப்போர்களுக்கு இடையில் தென் இங்கிலாந்து நகரங்களின் ஓரங்களில் இரட்டை வீடுகள் வரிசையாக எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீண்ட தோட்டம், வேலியோரம் புதர், மூலையில் மரக்கொட்டகை. நரிக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது. 1930களில் அவை இந்தப் புறநகர்களில் குடியேறத் தொடங்கின, பிறகு ரயில் பாதையோரமாக உள்நகரத்துக்கு நகர்ந்தன. துரத்தப்பட்டு வந்தவை அல்ல. நல்ல இடம் கண்டு வந்தவை.

நாட்டுப்புற மலைப்பகுதியில் ஒரு நரிக் குடும்பத்துக்குப் பத்துச் சதுர கிலோமீட்டருக்கும் மேல் தேவைப்படலாம். நகரத்தில் அரைச் சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு நாள் தீனி ஏறத்தாழ அரைக் கிலோ. சூரிச் நகரில் செத்த நரிகளின் இரைப்பையை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே இருந்ததில் பாதிக்கு மேல் மனிதரால் வந்த தீனி: மிச்சச் சோறு, இறைச்சி, தோட்டத்துப் பழம், பறவைக்கு வைத்த தானியம். மீதிக்கு எலி, புறா, மண்புழு. மழை பெய்த இரவில் புல்வெளியில் தலைகுனிந்து மெல்ல நடக்கும் நரி பெரும்பாலும் மண்புழு பொறுக்கிக்கொண்டிருக்கும்.

தீனி இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி: 2011 பிப்ரவரியில் லண்டனில் கட்டிக்கொண்டிருந்த ஷார்ட் கோபுரத்தின் 72ஆம் மாடியில் ஒரு நரியைப் பிடித்தார்கள். படியேறிப் போய், கட்டடத் தொழிலாளர்கள் மிச்சம்வைத்த சாப்பாட்டில் காலம் தள்ளியிருந்தது.

நகரத்து நரிகள் 1995இல் 33,000 என்று மதிப்பிட்டார்கள். 2017இல் வெளியான மதிப்பீடு இங்கிலாந்து நகரங்களில் மட்டும் 1.5 லட்சம் என்றது. எண்ணிய முறைகள் வேறு என்பதால் ‘ஐந்து மடங்கு பெருக்கம்’ என்ற தலைப்புச் செய்தியை அப்படியே நம்பக் கூடாது. முன்பு நரி இல்லாத வடக்கு நகரங்களுக்கும் அவை பரவிவிட்டன என்பது மட்டும் உறுதி.

## கொன்றால் ஏன் குறைவதில்லை?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1995 மதிப்பீட்டின்படி, குட்டி போடும் பருவத்துக்கு முன் பிரிட்டன் முழுக்க இருந்தவை 2.4 லட்சம் நரிகள். ஆண்டுக்குப் பிறந்தவை 4.25 லட்சம் குட்டிகள். அடுத்த ஆண்டும் அதே 2.4 லட்சம் இருக்க வேண்டுமானால், நடுவில் 4.25 லட்சம் நரிகள் சாக வேண்டும். கார், பசி, சொறி, சண்டை என்று அவை செத்துக்கொண்டும் இருக்கின்றன. துப்பாக்கியால் சுடுவது பெரும்பாலும், எப்படியும் சாகவிருந்ததைக் கொஞ்சம் முன்னதாகச் சாகடிப்பதுதான்.

இதற்குப் பின்னால் நான்கு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கின்றன.

1. ஒவ்வொரு தெருவும் யாரோ ஒரு குடும்பத்தின் எல்லை. ஒரு இணையும் கூடவே சில இளைய நரிகளும் அதைக் காக்கும். மூத்திரமும் எச்சமும்தான் வேலிக்கல். தினமும் புதுப்பிக்காவிட்டால் எல்லை செல்லாது.

2. காலியிடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. இடம் கிடைக்காமல் அலையும் இளம் நரிகள் எப்போதும் இருக்கும். எல்லைக்காரனைச் சுட்டுவிட்டால் வாசனை மங்க மங்க, சில நாட்களிலோ வாரங்களிலோ புதிய ஆள் வந்துவிடும்.

3. குட்டி போடும் உரிமை பெரும்பாலும் தலைவிக்கே. அதே குழுவிலுள்ள மற்றப் பெண் நரிகள் பெரும்பாலும் ஈனாமலே இருக்கும். தலைவி செத்தால் அவை ஈனத் தொடங்கும். ஒன்று போன இடத்தில் இரண்டு வயிறு நிறையும்.

4. வெற்றிடம் அலைச்சலைக் கூட்டும். வருவதும் போவதும் சண்டையுமாக இருக்கும். தெருவாசிக்கு இது முன்பைவிட அதிகச் சத்தம், அதிக நாற்றம்.

நாடு தழுவிய சோதனை ஒன்று தற்செயலாகவே நடந்தது. 2001இல் கோமாரி நோய் பரவியபோது பிரிட்டனில் நரி வேட்டையை ஏறக்குறைய ஓராண்டு நிறுத்திவைத்தார்கள். நரி பெருகி ஆட்டுக்குட்டிகளைத் தின்று தீர்க்கும் என்று வேட்டைத் தரப்பு எச்சரித்தது. தடைக்கு முன்னும் பின்னும் 160 இடங்களில், ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர், எச்சத்தை எண்ணி ஒப்பிட்டார்கள். பெருக்கம் எதுவும் தென்படவில்லை. அந்த முடிவு 2002இல் நேச்சர் இதழில் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதைத் தடுக்கும் 2004 சட்டம், 2005 பிப்ரவரியில் அமலானது. அந்தச் சட்டம் கருணைக்கும் வர்க்க அரசியலுக்கும் உரிய விவாதம். நரிகளின் எண்ணிக்கைக்கு அதோடு பெரிய தொடர்பில்லை.

லண்டன் நகராட்சிகளும் ஒரு காலத்தில் ஆள் வைத்து நரி பிடித்தவைதான். பயனில்லை என்று கண்டு 1980களில் கைவிட்டன.

கொல்வது எங்குமே பலிக்காது என்றும் சொல்லிவிட முடியாது. காலியிடத்துக்கு மறு ஆள் வர வழியில்லாத இடத்தில் பலிக்கும். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் கடைசி நரி வரை தேடி ஒழித்து, 2017இல் தீவை நரியற்றதாக அறிவித்தார்கள். அங்கே பெங்குவின்கள் பிழைத்தன. தரையில் கூடு கட்டும் பறவைகள் அடைகாக்கும் ஓரிரு மாதத்துக்கு மட்டும் சுற்றிலும் நரியைக் குறைத்துவைப்பதும் நடக்கும் காரியமே. தெருக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய லண்டனில் இரண்டுமே முடியாது.

பிடித்து ‘நல்லபடியாக’ ஏதாவது காட்டில் விட்டுவிடலாமே? அந்தக் காட்டுக்கும் எல்லைக்காரன் உண்டு. விடப்பட்ட நரி கடிபட்டு, இரை தெரியாமல், சாலையில் முடியும். இங்கே அதன் இடத்தில் அடுத்தது வந்திருக்கும்.

## சொறி செய்ததைத் துப்பாக்கி செய்யவில்லை

பிரிஸ்டல் நகரின் வடமேற்கில் 1990களின் தொடக்கத்தில் சதுர கிலோமீட்டருக்கு 37 வளர்ந்த நரிகள் வரை இருந்தன. 1994 வசந்தத்தில் சொறிநோய் அங்கே நுழைந்தது. இரண்டே ஆண்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் செத்துப்போயின. பத்தாண்டு கழிந்தும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

காலியிடம் நிரம்பும் என்றால் இது ஏன் நிரம்பவில்லை? சொறிப்பூச்சி தோலுக்குள் துளையிட்டு முட்டையிடும் சிற்றுயிர், அரை மில்லிமீட்டர்கூட இராது. அரிப்பில் ரோமம் உதிர்ந்து, தோல் பொருக்குத்தட்டி, கண் மூடிப்போய், சில மாதத்தில் நரி சாகும். அது படுத்த வளையில் பூச்சி கொஞ்ச காலம் தங்கும். புதிதாக வந்து படுக்கும் நரிக்கும் தொற்றும். அக்கம்பக்கத்து எல்லைகளும் ஒரே நேரத்தில் காலியானதால், அனுப்பிவைக்க ஆளும் இல்லை.

சொறி பிடித்த நரியைப் பார்த்து இரங்கி, சொறிப்பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்து கலந்த ரொட்டியைத் தோட்டத்தில் வைப்பவர்கள் உண்டு. செய்யக் கூடாத வேலை. அதை எந்த விலங்கு தின்னும் என்று சொல்ல முடியாது. கோலி (collie) என்ற மேய்ப்பு இன நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறைபாட்டால் அந்த மருந்து மூளைக்குள் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். வனவிலங்கு மீட்பு அமைப்புகளைக் கூப்பிடுவதே சரி.

## ரேபிஸ்: ஐரோப்பா கற்ற பாடம்

நரி என்றதும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி வெறிநோய் பற்றியதுதான். பிரிட்டனில் பாலூட்டிகளிடம் பரவும் வழக்கமான ரேபிஸ் 1922இலேயே ஒழிந்துவிட்டது. ஐரோப்பியப் பெருநிலத்தின் கதை வேறு.

இரண்டாம் உலகப்போரை ஒட்டிப் போலந்துப் பக்கம் கிளம்பிய நரி ரேபிஸ், ஆண்டுக்கு 20 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே நகர்ந்து, 1967இல் சுவிட்சர்லாந்தையும் 1968இல் பிரான்ஸையும் தொட்டது. சுட்டார்கள், வளைக்குள் விஷவாயு விட்டார்கள். நோய் நிற்கவில்லை. சுட்ட இடத்துக்குப் புதிய நரிகள் வந்தன, கடித்துக்கொண்டன. நோயும் கூடவே பயணம் செய்தது.

1978இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் தடுப்பு மருந்து வைத்த கோழித்தலைகளை இறைத்தார்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே அது ஒரு சுவராக நின்றது. நோய் அதைத் தாண்டவில்லை. பிறகு ஆலையில் செய்த மீன்தூள் கட்டிகள் வந்தன. முறை இதுதான்:

1. கட்டியின் நடுவே திரவ மருந்துப் பொதி. நரி கடிக்கும்போது பொதி உடைந்து, மருந்து வாயிலும் தொண்டைச் சதையிலும் பட வேண்டும். கடிக்காமல் முழுசாக விழுங்கினால் வயிற்று அமிலம் மருந்தைக் கெடுத்துவிடும். கட்டியின் அளவும் கெட்டித்தன்மையும் இதற்காகவே கணக்கிட்டவை.
2. விமானத்திலிருந்து சதுர கிலோமீட்டருக்கு 20 முதல் 30 கட்டிகள். காட்டுப்பன்றியும் நாயும் தின்பது போக நரிக்கு மிஞ்ச வேண்டும்.
3. வசந்தம், இலையுதிர்காலம் என ஆண்டுக்கு இருமுறை. அந்த ஆண்டுக் குட்டிகள் இலையுதிர் சுற்றுக்குள் கட்டியைத் தின்னும் வயதுக்கு வந்திருக்கும்.
4. கட்டியில் டெட்ராசைக்ளின் கலந்திருக்கும். அது பல்லில் படியும். செத்த நரியின் பல்லை அறுத்துப் புறஊதா ஒளியில் பார்த்தால், கட்டியைத் தின்றதா என்று தெரிந்துவிடும்.

சுவிட்சர்லாந்து 1999இலும் பிரான்ஸ் 2001இலும் ஜெர்மனி 2008இலும் இந்த ரேபிஸிலிருந்து விடுபட்டன. நோயெதிர்ப்புள்ள எல்லைக்காரனை உயிரோடு விட்டுவைத்தால், நோய் சுமந்த வெளியாளை அதுவே உள்ளே விடாது என்பதுதான் இதன் சூட்சுமம். தெருநாய் ரேபிஸுக்கு 70 விழுக்காட்டு நாய்களுக்குத் தடுப்பூசி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதே தர்க்கத்தின் மேல் நிற்கிறது. நம் ஊர் விவாதத்தில் இது அடிக்கடி காணாமல்போகிறது.

ரேபிஸ் ஓய்ந்ததும் நரிகள் பெருகி, சூரிச் போன்ற நகரங்களுக்குள் வந்தன. அவற்றோடு மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு நாடாப்புழுவும் வந்தது. அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் கல்லீரலில் புற்றுபோலப் பரவும். அறிகுறி தெரிய 5 முதல் 15 ஆண்டு ஆகலாம். அங்கே தோட்டத்துக் கீரையையும் தரையில் விழுந்த பழத்தையும் நன்றாகக் கழுவச் சொல்வது இதற்காக. பிரிட்டனில் இந்தப் புழு இல்லை. அதனால்தான் வெளிநாட்டிலிருந்து நாயோடு வருபவர் பயணத்துக்கு முன் அதற்குப் புழுமருந்து கொடுத்த சான்றைக் காட்ட வேண்டும்.

## கடிக்குமா?

2010இல் கிழக்கு லண்டனிலும் 2013இல் தென்கிழக்கிலும் வீட்டுக்குள் நுழைந்த நரி கைக்குழந்தைகளைக் கடித்தது உண்மை. அவை செய்தியானதே அரிதென்பதால்; நாய்க்கடிக்காக அதே நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். ‘நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி’ என்ற நம் பழமொழி இங்கே பொருந்தும். கோடையில் கைக்குழந்தை தூங்கும் தரைத்தள அறையின் தோட்டக்கதவைத் திறந்துவைக்காதிருந்தால் போதும்.

கையால் ஊட்டிப் பழக்குவதுதான் உண்மையான ஆபத்து. ஒரு வீட்டில் கைநீட்டி வாங்கப் பழகிய நரி, அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையையும் தீனியாகவே பார்க்கும். ‘பழகினால் நாய்போல ஆகிவிடும்’ என்பார்கள். 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் மரபியலாளர் பெலியாயெவ் தொடங்கிய ஆய்வில் வாலாட்டும் நரிகள் வந்தது உண்மைதான். ஆனால் அது பண்ணையில் தலைமுறை தலைமுறையாகச் சாதுவானவற்றை மட்டும் பொறுக்கி இனப்பெருக்கம் செய்த வேலை. தொடக்க நரிகளே பல காலம் கனடாவின் ரோமப் பண்ணைகளில் வளர்ந்தவற்றின் வழிவந்தவை. லண்டன் நரியில் காண்பது பழக்கமே தவிர வளர்ப்பு மிருகத்தின் குணம் அல்ல. 1970களில் சேர்த்த மண்டையோடுகளை 2020இல் அளந்தபோது, நகரத்து நரிகளின் முகவாய் சற்றுக் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. ஓடும் எலியைக் கவ்வும் வேகத்தைவிட எலும்பு கடிக்கும் வலு அங்கே உதவுகிறது போலும்.

## நடைமுறையில் என்ன செய்வது?

குப்பை. பிளாஸ்டிக் பையை முதல் நாள் இரவே வாசலில் வைப்பதுதான் அழைப்பிதழ். சக்கரத் தொட்டியை நரியால் திறக்க முடியாது. மூடி முழுதாக மூடியிருக்க வேண்டும், அவ்வளவே. மீன் கழிவைத் தொட்டி எடுக்கும் நாள் வரை ஃப்ரீசரில் வைப்பது நல்லது.

தோட்டம். ரத்தத்தூள், எலும்புத்தூள், மீன் உரம் போட்ட பாத்தியை நரி தோண்டியே தீரும். கீழே பிணம் புதைந்திருப்பதாக அதன் மூக்கு சொல்கிறது. உரத்தை மாற்றினால் தோண்டல் நிற்கும். டீசல், கிரியோசோட் (மரம் காக்கும் தார் எண்ணெய்) ஊற்றுவது பிரிட்டனில் சட்டப்படி குற்றம். விஷம் வைப்பதும் அப்படியே.

கோழிக்கூண்டு. நரி ஒரே இரவில் பத்துக் கோழியைக் கொன்று ஒன்றை மட்டும் தூக்கிப்போனால் வெறியால் அல்ல. காட்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும். கூண்டில் பறக்க இடமில்லை. கண்ணெதிரே துடிப்பதைக் கொல்லும் உந்துதல் அணைவதே இல்லை. கொன்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் புதைத்துவைக்கத்தான் அது திரும்ப வரும். ஆகவே கூண்டு தோற்கக் கூடாது:

1. அறுகோணக் கண் கோழிவலையை நரி கடித்து விரித்துவிடும். 16 கேஜ் வெல்டுமெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை), 25 மில்லிமீட்டர் கண் வேண்டும்.
2. வலையை 30 சென்டிமீட்டர் ஆழம் புதைத்து, அடியில் இன்னும் 30 சென்டிமீட்டர் வெளிப்பக்கமாக மடிக்க வேண்டும். நரி சுவரின் காலடியிலேயே தோண்டும், வலை தட்டுப்படும், இரண்டடி பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றாது. உள்பக்கம் மடித்தால் வேலை வீண்.
3. மேலே கூரை இல்லையென்றால் வேலி 2 மீட்டர் உயரம், உச்சியில் 30 சென்டிமீட்டர் வெளியே சாய்ந்து தளர்வாக நிற்க வேண்டும். ஏறும்போது ஆடினால் நரி நம்பாது.
4. கொக்கித் தாழ்ப்பாளை மூக்கால் தூக்கிவிடும். பூட்டுத் துளையுள்ள தாழ்ப்பாளே சரி. 10 சென்டிமீட்டர் சந்து இருந்தால் அதன் தலை நுழையும், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.
5. ஒளியைப் பார்த்து மூடும் தானியங்கிக் கதவு, பிந்திய கோழியை வெளியே விட்டு மூடிவிடும். மூடியபின் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொட்டகைக்கு அடியில் வளை. மார்ச் முதல் ஜூன் வரை அடைக்கவே கூடாது. உள்ளே குட்டிகளை உயிரோடு அடைப்பது குற்றம், தாயும் பலகையைப் பிய்க்கும். கோடை முடிந்தபின் வளையின் வாயில் வைக்கோலையோ கசக்கிய செய்தித்தாளையோ தளர்வாகத் திணித்து, தினமும் காலையில் பார்க்க வேண்டும். இழுத்துப் போட்டிருந்தால் ஆள் இருக்கிறது. ஐந்தாறு நாள் அசையாமல் இருந்தால் வளை காலி. அன்றைக்கே வெல்டுமெஷைச் சுற்றிலும் புதைத்து மூடிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் இலையுதிர்காலத்தில் இடம் தேடி அலையும் இளம் நரி ஒன்று அதற்குள் குடிவந்திருக்கும்.